செங்கழனி எங்கே இருக்கிறது?

போன வாரம் எனக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. பொடிப் பொடியான எழுத்து. மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருந்தார். எழுதியவர் கும்பகோணத்தில் சரித்திர ஆராய்ச்சி செய்கிற ஓர் இளைஞர்.

'ஐயா, தங்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் குளத்தூர் தாலுகா செங்கழனி என்று ஓர் ஊரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தாலுகா மேப்பை மூன்று தடவை பார்த்துவிட்டேன். அப்படி ஓர் ஊரே கிடையாது. அதற்கு முந்தைய இதழின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது இன்ன ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிகிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்களா?'

'இன்ன ஊர்' என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அவர் ஊர்ப் பெயரையே எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

படித்ததும் லெட்டரை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஏன் என்கிறீர்களா? அவர் சொன்ன ஊர் சரி!

முதலில் அந்தப் 'பழைய இதழ்கள்' என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் புதுக்கோட்டையில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற லெக்சரர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரும்கூட. பத்திரிகை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் — ஃபுல்ஸ்கேப் தாளில் நாலு பக்கம், சைக்ளோஸ்டைல் செய்தது. பெயர் 'மாதச் செய்தி'.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த புதிதில் எந்தப் பழைய காகிதம் எந்த ஆபீசில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக அலைந்துகொண்டிருந்தார்கள். கீரமங்கலத்தில் ஒருவர் ஓலைச்சுவடி வைத்துக்கொண்டு படிக்கத் தெரிந்தவரைத் தேடுவார். படிக்கத் தெரிந்தவர் வல்லத்திராக்கோட்டையில் சுவடி கிடைக்காதா என்று உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சந்தைக்கு வந்துவிட்டு, ஒரே பஸ்ஸில் திரும்பிப் போவார்கள். இவர்களைச் சேர்த்து வைக்கத்தான் அந்த நாலு பக்கம்.

யார் எங்கே பேசுகிறார், யார் என்ன எழுதியிருக்கிறார், யாருக்கு என்ன புத்தகம் வேண்டும்... இவ்வளவுதான் விஷயம். 'தேவை' என்று ஒரு பகுதி உண்டு. 'தேவை: பழைய ரெவின்யூ மேப். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை' என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தார். நாலு பேர் பதில் எழுதினார்கள். நாலு பேரிடம் இருந்ததும் கரையான் அரித்ததுதான்.

இந்த ஆசிரியர் வேலையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட மாட்டேன். பழைய சமஸ்தானத்து ஊர்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒரு ஊரின் பெயரைத் தப்பாக எழுதியவன் எதை எழுதினாலும் நம்பாதே என்று வகுப்பில் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கனம்தான், வேறென்ன?

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து கோமதி என்று ஒரு பெண் வந்தாள். சமூகவியல் ஆராய்ச்சி மாணவி. கண்மாய்த் தண்ணீரைக் கிராமத்தில் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவள் விஷயம். ஒரு கிராமத்தில் ஒன்பது மாதம் தங்கி, வீடு வீடாகப் போய், வரப்பு வரப்பாக நடந்து குறிப்பு எடுத்தாள். எந்தக் கிராமம் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வாசகசாலை மாடியில் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

அறிவிப்பை அவளே எழுதி அனுப்பியிருந்தாள். 'தண்ணீர் முறை: விதியும் நடப்பும். குளத்தூர் தாலுகா செங்கழனிக் கிராமத்தில் செய்த ஆய்வு.' கூடவே இரண்டு வரி விவரம் — இரண்டு மடை உள்ள கண்மாய், உபரித் தண்ணீர் வழிகிற கலிங்குக்குப் பக்கத்தில் எழுத்து வெட்டிய கல்தூண்.

செங்கழனியா? குளத்தூர் தாலுகாவில் ஏது செங்கழனி? பாவம், மெட்ராஸ் பெண், ஊர்ப் பெயரைக் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன். இரண்டு மடை, கலிங்கு, கல்தூண்... மூன்றும் சேர்ந்து அந்தத் தாலுகாவில் ஒரே ஒரு ஊரில்தான் உண்டு. எனக்குத் தெரியாதா? ஸ்டென்சிலில் செங்கழனியை அழித்து உண்மையான பெயரை நானே என் கையால் எழுதினேன். சந்தோஷமாக வேறு எழுதினேன்.

சொற்பொழிவு அன்று காலையில் ரயிலில் வந்து இறங்கினாள் கோமதி. ஸ்டேஷனிலேயே இதழை நீட்டி, "ஒரு சின்னத் தப்பு இருந்ததும்மா, திருத்திட்டேன்" என்றேன்.

வாங்கிப் பார்த்தாள். அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், அது தப்பு இல்ல. வேணும்னுதான் பேரை மாத்தினேன்" என்றாள்.

எங்கள் சரித்திரத்தில் செத்துப்போனவர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். அவர்களுக்கு யார் பெயரை யார் எழுதினால் என்ன? இவர்கள் ஆராய்ச்சியோ உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. நம்பி ஒன்றைச் சொன்னவனுக்கு நாளைக்கு ஒரு கஷ்டம் வரக்கூடாது என்று ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றித்தான் எழுதுவார்களாம். அது அவர்கள் வழக்கம். எனக்கு அன்றுதான் தெரியும்.

"அப்படி யாருக்கு என்ன கஷ்டம் வரப்போவுது?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்.

அந்த ஊரில் மடை திறந்து மூடுகிறவர் கருப்பையா. பரம்பரையாக அவர் குடும்பத்துக்கு அந்த வேலை. ஒவ்வொரு வயலுக்கும் இவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை உண்டு. நேரம் பார்க்க அவருக்குக் கடிகாரம் கிடையாது. மடையோரம் ஒரு குச்சி நட்டு, அதன் நிழலைப் பாதம் பாதமாக அடி வைத்து அளப்பார். நிழல் இத்தனை அடி வந்தால் இந்த வயலுக்குப் போதும், அடுத்த வயலுக்குத் திருப்பு — இதுதான் கணக்கு.

வருஷா வருஷம் கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். ஆள் அனுப்பாத வீட்டுக்குப் பாதி முறைதான் தண்ணீர். இது ஊர்க் கட்டுப்பாடு. வள்ளியம்மை என்று ஒரு பெண். புருஷன் இறந்துவிட்டான், இரண்டும் சின்னப் பெண் குழந்தைகள். அவளே மண்வெட்டியோடு மராமத்துக்குப் போய் நின்றாலும் பெண்ணை ஆளாகச் சேர்க்க மாட்டார்கள். அவள் வயலோ கடைமடை. பாதி முறைத் தண்ணீர் வாய்க்காலிலேயே சுவறிவிடும்.

அதனால் கருப்பையா ஒரு வேலை செய்தார். வள்ளியம்மையின் முறை பிற்பகலில் வரும். அந்த நேரம் மட்டும் ஒட்டி ஒட்டி அடி வைக்காமல், கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு வைப்பார். அதே எண்ணிக்கை அடிதான். ஆனால் நிழல் அவ்வளவு நீள இன்னும் நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் தண்ணீர் அவள் வயலுக்குப் போகும். நாலு வருஷமாக இப்படி! அவளுக்கே தெரியாது. கோமதியிடம் மட்டும் ஒரு நாள், மனசு பொறுக்காமல் சொல்லியிருக்கிறார்.

"அதுதான் சார் என் பேப்பரோட நாலாவது பகுதி. அதுதான் ஆராய்ச்சியே. மத்த மூணும் அதுக்கு முன்னுரைதான். அதைக் கேக்கத்தான் எங்க புரபசர் மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கார்."

ஊர் தெரிந்தால் மடைக்காரர் யார் என்று தெரியும். அவர்தான் ஒருவரே ஒருவராயிற்றே! ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவர் என்றால் வேலை போகும். வள்ளியம்மைக்குத் தண்ணீர் நின்றுபோகும். அதற்குள் எனக்கு இன்னொன்று நினைவு வந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் 'மாதச் செய்தி'யின் சந்தாதாரர்.

வாத்தியார் சும்மா இருந்திருப்பாரா? நம் ஊரைப் பற்றி ஆராய்ச்சி என்று டீக்கடையில் உரக்கப் படித்திருக்கிறார். சாயந்தரம் நாங்கள் வாசகசாலைக்குப் போனபோது மாடிப்படி முழுக்கச் செருப்பு. முன் பெஞ்சில் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக அந்த ஊர் அம்பலகாரர் — அதாவது ஊர்த் தலைவர். அவருக்குப் பின்னால் ஊரில் பாதி. வழக்கமாக எங்கள் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தால் அது திருவிழா. பெண்கள் பக்கத்தில் ஒல்லியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "அவங்கதான் வள்ளியம்மை" என்று மெதுவாகச் சொன்னாள் கோமதி.

"இங்கிலீஷ்ல படிச்சிடேன்மா" என்றேன். கூட்டங்களில் தமிழில்தான் பேச வேண்டும் என்று விதி போட்டவனே நான்தான்.

"பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து நின்னு மொழிபெயர்ப்பார் சார்" என்றாள்.

உண்மைதான். ஆசையாகவே செய்திருப்பார்.

சுவரோரம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது வயசிருக்கும். கால் நகமெல்லாம் சேற்றில் ஊறிக் கறுத்திருந்தது. யார் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது.

"ஐயா, அந்தப் பிள்ளை நோட்டுல எழுதினதெல்லாம் படிக்குமாங்க?" என்றார்.

"எல்லாம் படிக்க நேரம் இருக்காதுங்க" என்றேன்.

"நான் சொன்னது கடைசியா சொன்னதுங்க. அப்ப கடைசியிலதான இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சுவரோரம் போய் நின்றுகொண்டார். இன்றைக்கும் அந்த முகம் நினைவுக்கு வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் கர்வத்துக்கு அவர் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

கோமதி பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். மடைக்கு ஷட்டர் வைத்த கதை, முறை வைக்கிற விதம், மராமத்து... ஊர்க்காரர்கள் நடுநடுவே திருத்தினார்கள். "மேல மடை மொதல்ல இல்ல தாயி, கீழ மடைதான் மொதல்ல" என்றது ஒரு குரல். அவள் பென்சிலால் குறித்துக்கொண்டாள். புரபசர் அதை ரசித்துச் சிரித்தார்.

மூன்றாவது பகுதி முடிந்தது. தண்ணீர் குடித்தாள். கையில் இன்னும் ஒரு கத்தைத் தாள் இருந்தது. பின் சுவரை ஒரு தடவை பார்த்தாள்... தாள்களை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஊர்க்காரங்க எல்லாருக்கும் நன்றி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் புரபசர் விடவில்லை. அவர் என்ன செய்வார், அவர் வேலை அது.

"மிஸ் கோமதி, தலைப்புல விதியும் நடப்பும்னு போட்டிருக்கீங்க. விதி வந்தது. நடப்பு எங்கே? இந்த விதி எப்பவாவது மீறப்படுறதா?"

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதா? ஒம்பது மாசம் அங்க இருந்திருக்கீங்க."

"இருந்தேன் சார். எனக்குத் தெரியாது."

ஒரு ஆராய்ச்சி மாணவி, தன் புரபசர் முன்னால், ஊர் கூடியிருக்கிற சபையில் 'எனக்குத் தெரியாது' என்கிறாள். தெரிந்துகொண்டே. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆராய்ச்சி செய்தவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் தெரியாததையே தெரியும் என்று சொல்லிப் பழகியவர்கள்! புரபசர் அவளைப் பார்த்தார். முன் பெஞ்சுத் தலைப்பாகைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிர் டீக்கடையில் அம்பலகாரர் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வாத்தியாரய்யா, அந்தப் பிள்ளை கடைசியில எதையோ மடிச்சு வச்சிச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"அது என்னான்னு தெரியுமா?"

டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்குத் தெரியும்" என்றார். "வள்ளியம்மை வயலுக்குக் கருப்பையா அடிய எட்ட எட்ட வைக்கிறது ஊருக்கே தெரியும். மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். அவன் அடி வைக்கையில நாங்கள்லாம் அங்கிட்டுத் திரும்பி நின்னு வெத்தலை போடுவோம். அவன் ஒருத்தன்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப அந்தப் பொண்ணு படிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே! வீணா அதோட ஆராய்ச்சி போச்சேங்க!"

"அதெப்படிங்க? சபையில படிச்சுப்புட்டா எனக்கும் தெரிஞ்சதா ஆயிப்போகும். தெரிஞ்சா நான் கேக்கணும். கேட்டா கருப்பையாவ நிறுத்தணும். நிறுத்தலேன்னா மராமத்துக்கு ஆள் அனுப்பாத சோம்பேறியெல்லாம் எனக்கும் குடுன்னு கேப்பான். இப்ப தெரியாது. தெரியாத மட்டும் அந்தப் பொம்பளைப் பிள்ளைக்குத் தண்ணி போகும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "நாங்க எதுக்குப் பஸ் புடிச்சு இங்கிட்டு வந்தோம்ங்கிறீங்க? ஆராய்ச்சி கேக்கவா? அந்தப் பிள்ளை அதைப் படிக்க ஆரம்பிச்சா, உடனே ரெண்டு பேர் எந்திரிச்சு அடிச்சுக்கிட்டு கூட்டத்தைக் கலைச்சுப்புடணும்னு வந்தோம். அடிச்சுக்கிற ஆளைக்கூடச் சொல்லி வச்சிருந்தேன். அதுக்கு வேலை வைக்கல. நல்லா இருக்கட்டும்."

ஆராய்ச்சி என்பது யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கே தெரிந்த ஒன்றை, ஊரே சேர்ந்து, தெரியாமல் பார்த்துக்கொள்கிறது என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நாம் எதையாவது வெளியிட்டால் பாராட்டு வாங்குகிறோம். வெளியிடாமல் இருந்ததற்கு யாராவது யாரையாவது பாராட்டி நீங்கள் பார்த்ததுண்டா? 'மாதச் செய்தி'யில் 'நடந்தவை' என்று ஒரு பகுதி இருக்கிறது. நடக்காமல் காப்பாற்றப்பட்டவற்றுக்கு ஒரு பகுதி இல்லை.

பஸ் கிளம்பும்போது பார்த்தேன். கருப்பையா ஏறுவதற்கு முன்னால் கோமதி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

"என்னாலதான்மா எல்லாம்" என்றேன்.

"நீங்க சரியான பேரைத்தான் சார் போட்டீங்க" என்றாள். கோபித்துக்கொண்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அவளுக்குப் பட்டம் கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. நாலாவது பகுதியும் அதில் இருக்கிறது. ஊர் இல்லை, தாலுகா இல்லை, பயிர்கூட வேறு. புரபசர்தான் கூட உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னாராம். அவர் கண்ணாடியைத் துடைத்தது சும்மா இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் அடுத்த மாதமே திருத்தம் போட்டேன். 'சென்ற இதழில் ஊர்ப் பெயரை ஆசிரியர் தவறாக அச்சிட்டுவிட்டார். குளத்தூர் தாலுகா செங்கழனி என்று திருத்திப் படிக்கவும்.' சரியாக இருந்ததைத் தப்பு என்று எழுதிய முதல் திருத்தம். இதையும் ஸ்டென்சிலில் என் கையால்தான் எழுதினேன்.

சரி, கும்பகோணத்துத் தம்பிக்கு என்ன பதில் எழுதுவது? இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: 'நண்பரே, உங்கள் உழைப்பு பெரியது. ஆனால் நீங்கள் சொல்லும் ஊர் அது இல்லை. செங்கழனி இருக்கிறது. நான் விசாரித்துவிட்டேன்.'

இதைப் படித்துவிட்டு நீங்களும் மேப்பை விரிப்பீர்கள், எனக்குத் தெரியும். வீணாகத் தேட வேண்டாம் — கருப்பையா, வள்ளியம்மை, கோமதி, யாருக்கும் அது பெயர் இல்லை. கும்பகோணத்துத் தம்பி கும்பகோணத்துக்காரர் இல்லை. குளத்தூர் தாலுகா என்று சொன்னேனே... அதையும் நான் திருத்திவிட்டேன்.